ஸ்டெம் செல் ஊசிக்குக் கடன் வாங்கலாமா?



ஆம்பூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "பையனுக்கு மூளை முடக்குவாதம். ஸ்டெம் செல் ஊசி போட்டா நடப்பான்னு சொல்றாங்க. குழுவில கடன் கிடைக்குமா?"

ஸ்டெம் செல் என்பது புதுச் செல்களை உண்டாக்கும் தாய்ச் செல். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் இந்தச் செல்தான் நம் உடம்பில் ரத்தம் ஊற வைக்கிறது. நம்ம வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. அது நிரூபணமான வைத்தியம். ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகள் 5 பேருக்கு அவங்க ஸ்டெம் செல்லிலேயே மரபணு சேர்த்துக் கொடுத்த ஆராய்ச்சியும் 2024-ல் நல்ல பலன் காட்டியது.

கருவிலிருந்து செல் எடுப்பது உயிரை அழிப்பதா என்று உலகெங்கும் விவாதம் உண்டு. நம்ம வாசலுக்கு வரும் சிக்கல் வேறு: நிரூபணமாகாததைக் காசுக்கு விற்பது. மூளை முடக்குவாதத்துக்கு இது இன்னும் நிரூபணமாகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய் போன்ற சிலவற்றைத் தவிர மற்றதற்கு ஆராய்ச்சியாக மட்டுமே தரலாம். ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது.

ஆகவே மூணு கேள்வி கேளுங்க: இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? ஆராய்ச்சி என்றால் பதிவு எண் என்ன? பணம் எதுக்கு? பதில் வரும் வரை நகையை அடகு வைக்காதீங்க. பிள்ளைக்குப் பிசியோதெரபிப் பயிற்சியையும் நிறுத்தாதீங்க.