பந்து ஓய்ந்த மாதத்தில்

மார்ச் மாதம் அமெரிக்கக் கால்பந்தில் பந்து உருளாது, பணம்தான் உருளும். ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் பிடித்த அணிக்குப் போகலாம். உடனே ரசிகர்களுக்குள் வழக்கு தொடங்கிவிடும்: ஒரே ஆளுக்கு இவ்வளவு கொட்டிக் கொடுக்கலாமா?

கூடாது என்பவர்கள் முதலில் சொல்லும் பெயர் ஆல்பர்ட் ஹெய்ன்ஸ்வொர்த். 2009-இல் வாஷிங்டன் அணி அவரோடு 7 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் 10 கோடி டாலர். அதில் 4 கோடியே 10 லட்சம், ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவருக்கு உறுதி. மறு ஆண்டு பயிற்சி முகாமில் உடல்தகுதி ஓட்டத்திலேயே அவர் தேறவில்லை! 2 பருவங்களில் 20 ஆட்டங்கள், அத்தோடு வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

கொடுக்கலாம் என்பவர்களின் துருப்புச்சீட்டு ரெஜி வைட். 1993-இல் கிரீன் பே பேக்கர்ஸ் 4 ஆண்டுகளுக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர் தந்து அவரை அழைத்து வந்தது. 1997 ஜனவரியில் பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கோப்பை அந்த அணிக்கு. அந்த ஆட்டத்தில் எதிரணியின் பந்தெறியும் ஆட்டக்காரரை (குவார்ட்டர்பேக்) வைட் 3 முறை வீழ்த்தினார்.

பணக்கார முதலாளி இருந்தாலும் விருப்பம்போல் வாரி இறைக்க முடியாது. 1994 முதல் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றவருக்குக் கிள்ளித்தான் கொடுக்கலாம். ஆனால் அந்த வரம்பும் நிற்பதில்லை: முதல் ஆண்டில் 3 கோடியே 46 லட்சம் டாலர், 2025-இல் 27 கோடியே 92 லட்சம். இன்று அநியாயமாகத் தெரியும் சம்பளம், நாலைந்து ஆண்டுகளில் மலிவாகத் தோன்றவும் கூடும்.