உங்களுக்குத் தெரியுமா? முதலில் தண்ணீர், பிறகுதான் சேதி

கானாவின் அக்கான் மக்களிடம், வந்தவரை வாசலிலேயே "என்ன விஷயம்?" என்று கேட்டுவிட முடியாது. உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்த பிறகே வந்த காரணத்தை முறைப்படி விசாரிப்பார்கள். எவ்வளவு அவசரக்காரரும் அதுவரை பொறுக்கத்தான் வேண்டும்.

தலைவரின் அவையில் நெறி இன்னும் கடுமை. அங்கே யாரும் தலைவரிடம் நேராகப் பேசுவதில்லை. 'ஒச்சாமே' எனப்படும் அவைப்பேச்சாளரிடம் சொல்ல வேண்டும். தலைவர் பக்கத்திலேயே அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாலும், பேச்சாளர் வழியாக வந்தால்தான் அது சேதி! பதிலும் அப்படியே. தலைவர் நறுக்கென்று சொன்னதைப் பேச்சாளர் பழமொழி கலந்து மெருகேற்றிச் சொல்வார். கடுஞ்சொல் நேராகப் போய்த் தைக்காமலிருக்க இது நல்ல ஏற்பாடுதான்.

பேச்சாளரின் கையிலிருக்கும் கோலின் உச்சியில், பொன் தகடு போர்த்திய சிற்பம் ஒன்று இருக்கும். அதுவும் ஒரு பழமொழியே. முட்டையை ஏந்திய கை புகழ்பெற்றது: அதிகாரத்தை இறுக்கிப் பிடித்தால் நொறுங்கும், தளரவிட்டால் விழும்.

சில சேதிகளை நேராகச் சொல்லவே கூடாது. தலைவர் இறந்தால் 'இறந்தார்' என்பதில்லை. ஊருக்குப் போயிருக்கிறார் என்பார்கள். கேட்பவருக்குப் புரிந்துவிடும்.