கணினியின் வாசற்கோலம்

மார்கழி மாதத்து விடியற்காலையில் திருவேற்காட்டுத் தெருக்களில் நடந்து செல்பவர்கள், வாசல்தோறும் கோலம் மலர்ந்திருப்பதைக் காணலாம். வாசலைப் பெருக்கி, நீர் தெளித்து, புள்ளி வைத்து, இழை இழுத்து, நடுவே சாணத்தில் ஒரு பூசணிப்பூவையும் செருகி வைப்பார்கள். அந்தக் கோலத்தை யாரும் விலை கொடுத்து வாங்கியதில்லை. தாய் போட்டதை மகள் பார்த்துக் கற்றாள். அக்காளின் நோட்டிலிருந்து தங்கை எழுதிக்கொண்டாள். எழுதும்போதே தன் கற்பனையாக ஓர் இதழையும் கூட்டினாள். ஆக்குவதும் பகிர்வதும் அங்கே ஒரே கலையின் இரு கூறுகளாக விளங்குகின்றன.

மாணவ நண்பர்களே! வீட்டுக்கு வாசல் இருப்பதுபோலக் கணினிக்கும் ஒரு வாசல் உண்டு. அதனை இயக்கியவுடன் திரை முழுதும் பரவி நின்று நம்மை வரவேற்கும் படமே அந்த வாசல். அதனை வால்பேப்பர் என்று வழங்குகிறோம். தமிழில் பின்னணிப் படம் எனலாம். அப்படத்தை நாமே எவ்வாறு ஆக்குவது, ஆக்கியதைப் பிறர்க்கு எவ்வாறு வழங்குவது என்பவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1984-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் மக்கின்டாஷ் என்னும் கணினியை வெளியிட்டது. அதன் திரை கறுப்பும் வெள்ளையும் மட்டுமே காட்ட வல்லது. பின்னணியை மாற்ற விரும்புவோர்க்கு அதில் ஒரு சிறு சதுரம் அளிக்கப்பட்டிருந்தது. எட்டு வரிசை, வரிசைக்கு எட்டாக 64 புள்ளிகள். எது கறுப்பு, எது வெள்ளை என்று குறித்துவிட்டால், அச்சதுரமே திரை முழுதும் திரும்பத் திரும்ப அடுக்கப்பெற்று ஒரு பின்னலாக விரியும். எட்டுப் புள்ளி, எட்டு வரிசை! இது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிய கணக்கா?

கோலத்துக்கும் கணினிக்கும் உள்ள இவ்வுறவு வெறும் உவமை என்று எண்ணிவிட வேண்டா. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி அவர்கள், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து, கோலத்தின் இலக்கணத்தைப் பற்றி 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். சொற்கள் விதிப்படி சேர்ந்து வாக்கியம் ஆவதுபோல, சிறு சிறு வடிவங்கள் விதிப்படி சேர்ந்து கோலம் ஆகின்றன. சில விதிகளை வகுத்துக்கொண்டால், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கோலங்களைச் சிறிதும் பெரிதுமாக முடிவின்றி ஆக்கலாம். வாசலில் கிடந்த கோலம் கணினி அறிவியலுக்கே பாடமாயிற்று.

இனி, உலகமெல்லாம் கண்ட ஒரு படத்தை நினைவுகூர்வோம். பசும்புல் போர்த்த ஒரு குன்று, அதன்மேல் நீல வானம், ஆங்காங்கே வெண்மேகம். 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் பின்னணிப் படம் அதுவே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சொனோமா என்னும் பகுதியில், சார்லஸ் ஓ’ரியர் என்பவர் 1996 ஜனவரியில் எடுத்த படம் அது. தாம் வழக்கமாகச் செல்லும் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி அவர் அதனை எடுத்தார். அங்கே முன்னர்த் திராட்சைத் தோட்டம் இருந்தது. பூச்சி அரித்தமையால் கொடிகள் அகற்றப்பட்டு, குன்று புல் மூடி நின்றது. பின்னர் அங்கே மீண்டும் கொடிகளை நட்டுவிட்டார்கள். அந்தப் பசுமைக் காட்சி இன்று படத்தில்தான் இருக்கிறது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? உலகம் போற்றிய அக்காட்சி, ஒருவர் நாள்தோறும் கடந்து செல்லக்கூடிய சாலையோரக் காட்சியே. அத்தகைய காட்சி நம் ஊரிலும் உண்டு. ஆயினும், அயல்நாட்டுக் குன்றை அடையாளம் காணும் நம் மாணவர் பலர், தம் ஊர்ப் பெயருக்குக் காரணமான மரத்தை அடையாளம் காண்பதில்லை. வேல மரங்கள் அடர்ந்திருந்தமையால் வேற்காடு என்று பெயர் வந்தது என்பர். வேதபுரீசுவரர் கோயிலின் தலமரமும் வெள்வேல மரமே. ஊர் நகராட்சியாகி வீடுகள் நெருங்கிவிட்டன. இன்றுள்ள மரமும் குளமும், கூவத்தின் கரையும் இதே வண்ணம் நாளையும் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆதலால், நம் ஊரை நாம் படமாக்குவது அழகுக்காக மட்டுமன்று. காட்சி மறைந்தபின் அதற்குச் சான்றாகவும் அது நிற்கும்.

ஆக்கும் முறையைக் கேளுங்கள். முதலில் திரையின் அளவை அறிய வேண்டும. குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் என்பது இன்று பரவலாக உள்ள அளவு. மொத்தம் 20,73,600 புள்ளிகள். இதனினும் சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அது மங்கும். இல்லாத புள்ளிகளைக் கணினி ஊகித்து நிரப்ப நேர்வதே அதற்குக் காரணம். ஆதலின் பெரிய படத்தைக் குறைத்துக்கொள்வதே நல்லது. அகலமும் உயரமும் 16-க்கு 9 என்னும் விகிதத்தில் அமைய வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் பெரும்பாலும் 4-க்கு 3 என்றிருக்கும். அதனை நீட்டினால் கோபுரம் குட்டையாகித் தோன்றும். மேலும் கீழும் வெட்டி அமைத்தால் வடிவம் கெடாது.

அடுத்து, இது சுவரில் மாட்டும் படமன்று என்பதை மறவாதீர்கள். இதன்மேல் சின்னங்களும் அவற்றின் பெயர்களும் அமர வேண்டும். அவை பெரும்பாலும் இடப்பக்கத்தில் நிற்பதால், வானமோ நீரோ அப்பக்கம் வருமாறு அமைத்து, மரத்தையோ கோபுரத்தையோ வலப்பக்கம் நிறுத்துங்கள். கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள் முதல்நாள் மகிழ்ச்சி தரும்; மூன்றாம் நாள் சலிப்பே தரும். கோலத்தை வரைய விரும்புவோர்க்கு இன்க்ஸ்கேப் என்னும் மென்பொருளும், நிழற்படத்தைத் திருத்த விரும்புவோர்க்குக் கிம்ப் என்னும் மென்பொருளும் விலையின்றிக் கிடைக்கின்றன. இன்க்ஸ்கேப் கோட்டைக் கணக்காகவே நினைவில் கொள்வதால், கோலத்தை எத்துணைப் பெரிதாக்கினாலும் இழை சிதையாது. முடித்த கோலத்தைப் பிஎன்ஜி வடிவிலும், நிழற்படத்தை ஜேபெக் வடிவிலும் சேமிப்பது பொருந்தும். வாட்ஸப்பில் நண்பர்க்கு அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும்.

பகிர்வதில் ஓர் அறமும் உண்டு. எங்கோ கண்ட அழகிய படத்தை எடுத்து, மூலையிலிருந்த பெயரை அழித்து, தன் பெயரை இட்டு அனுப்புகிறான் ஒருவன். விளையாட்டாகவே செய்கிறான். ஆனால் அந்தப் படத்துக்காக வைகறையில் எழுந்து, ஆற்றங்கரையில் காத்து நின்ற மற்றொருவனின் உழைப்பு அந்நொடியே பெயரற்றுப் போகிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பைத் தன்னுடையது என்று கூறும் உரிமையைப் படைத்தவனுக்கே அளிக்கிறது. பதிப்புரிமையைப் பிறர்க்கு விற்றுவிட்ட பின்னும் அவ்வுரிமை அவனை விட்டு நீங்குவதில்லை.

அப்படியானால் பகிரவே கூடாதா? கூடும். படைப்பாக்கப் பொதுமங்கள் என்னும் உரிம முறை 2002 முதல் வழக்கில் உள்ளது. ‘என் பெயரைக் குறிப்பிடுங்கள், பிறகு எடுத்துப் பயன்படுத்துங்கள், மாற்றுங்கள், பிறர்க்கும் கொடுங்கள்’ என்று படைத்தவனே முன்கூட்டி இசைவு தருவது அதன் ஒரு வகை. தமிழ் விக்கிமீடியர்கள் 2011-12-இல் நடத்திய ஊடகப் போட்டியில், தமிழர் வாழ்வைக் காட்டும் ஆயிரக்கணக்கான படங்களை மக்கள் இவ்வாறே பொதுவுக்கு அளித்தார்கள். எடுத்தவர் பெயர் நின்றது, படமும் பரவியது. நீங்களும் உங்கள் படத்தோடு பெயர், ஊர், எடுத்த ஆண்டு, உரிமம் ஆகிய நான்கையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். படத்தில் பிறர் முகம் இருந்தால் அவருடைய இசைவைக் கேட்டுப் பெறுங்கள். ஒருத்தி போட்ட வாசற்கோலத்தை எடுத்தாலும் அவளிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு எடுங்கள். அவளும் ஒரு கலைஞரே.

நண்பர்களே! அரிசி மாவுக் கோலம் மாலைக்குள் கலைந்துவிடும், எறும்புக்கு இரையாகும். அதனைப் போட்டவள் அதற்காக வருந்துவதில்லை. மறுநாள் விடியலில் மீண்டும் புள்ளி வைக்கிறாள். உங்கள் கணினியின் வாசலோ நெடுநாளாக ஒரே படத்தோடு நிற்கிறது. வரும் ஞாயிறன்று உங்கள் ஊர்த் தெருவிலே ஒருமுறை நடந்து பாருங்கள். அங்கே காத்திருக்கும் காட்சியை உங்கள் கையாலேயே அந்த வாசலில் இடுங்கள்.