எட்டு போடுகிற பாட்டு

“ஆறு மாசமா ஒரே பாட்டைத்தான் சார் பாடிக்கினு இருக்குது என் பொண்ணு. மாசாமாசம் ஃபீஸ் கட்டுறேன்” என்று அலுத்துக்கொண்டார் ட்ரெய்லர் ஓட்டும் அண்ணன். துறைமுகத்துக்குப் போகும் வரிசை நகர்வதாக இல்லை. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு டீக்கடையில் ஒதுங்கியிருந்தோம். என்ன பாட்டு என்று கேட்டேன். “சாமி நின்னேன்னு வரும். வர்ணமாம்.”

சங்கராபரண ராகம், ஆதி தாளம். அதை இயற்றியவர் உங்க ஊர்க்காரர்தான் என்றேன். நம்பாமல் பார்த்தார்.

முதலில் வர்ணம் என்றால் என்ன? லைசென்ஸ் வாங்க எட்டு போடுகிறோமே, அதுதான். எட்டு போட்டு யாரும் எந்த ஊருக்கும் போய்ச் சேருவதில்லை. ஆனால் கைக்கு வளைவு பிடிபட்டுவிடும். வர்ணத்தில் வார்த்தை ரொம்பக் குறைவு. ஒரே எழுத்தை இழுத்து, அதற்குள் ராகத்தின் வளைவு, குழைவு, தாவல் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருப்பார்கள். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், சரணம், அப்புறம் ஒன்றைவிட ஒன்று கடினமாகும் ஸ்வர வரிசைகள். பாடி முடித்தால் இரண்டாம் காலம்: கை போடும் தாளம் மாறாது, பாட்டு மட்டும் இரட்டை வேகத்தில் ஓட வேண்டும். ஆறு மாதம் ஆகாமல் என்ன செய்யும்? கச்சேரி மேடையில் பெரிய வித்வான்களே முதல் உருப்படியாக வர்ணத்தை எடுப்பதும், குரல் பதமாக வேண்டும் என்பதற்காகத்தான்.

அந்த ஊர்க்காரர் வீணை குப்பய்யர் (1798–1860). திருவையாறு தியாகராஜ சுவாமிகளின் நேர்ச் சீடர். வீணை, வாய்ப்பாட்டு இரண்டிலும் கைதேர்ந்தவர். ‘கான சக்ரவர்த்தி’ என்று பேர். 1830களின் கடைசியில் குருநாதர் சென்னை வந்தபோது, சீடரின் ஊருக்கும் வந்தார். இதோ, நாம் டீ குடிக்கிற இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் வடிவுடையம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். ‘திருவொற்றியூர் பஞ்சரத்தினம்’ என்று அவற்றைச் சொல்கிறார்கள்.

குப்பய்யரும் கீர்த்தனைகள் செய்தார். ஆனால் அவருடைய வாத்தியார் மூளை தெரிவது வர்ணத்தில்தான். நாராயணகௌளை என்று ஒரு ராகம். நேராக ஏறாது, இறங்காது, முன்னே இரண்டடி வைத்தால் பின்னே ஓரடி. கொஞ்சம் அசந்தால் பக்கத்து ராகத்தில் கால் வைத்துவிடுவோம். அதில் பதினாலு அட்சர அட தாளத்தில் ‘மகுவ நின்னே’ வர்ணத்தை அமைத்தார். அது மனப்பாடமானால் ராகம் வழி தவறாது.

குப்பய்யரின் மகன் பிறந்தது 1845ல். குரு அப்போது உயிரோடு இருந்தார். அவர் பெயரையே குப்பய்யர் பிள்ளைக்கு வைத்தார். வடிவுடையம்மன் இருக்கும் கோயிலின் சுவாமிக்கும் தியாகராஜர் என்றே பெயர். அந்தப் பிள்ளைதான் திருவொற்றியூர் தியாகய்யர் (1845–1917). ஸஹானாவில் ‘கருணிம்ப’, தர்பாரில் ‘சலமேல’ இரண்டும் அவர் வர்ணங்கள். தர்பார் ராகமும் நாயகி ராகமும் அக்கா தங்கை மாதிரி. குரலை மட்டும் கேட்டால் யார் என்று குழம்பும். ககரிஸ, நிநிதப என்று ஸ்வரத்தை இரட்டித்து அழுத்துவது தர்பாரின் நடை. ‘சலமேல’ பாடிய பிள்ளைக்கு அந்தக் குழப்பம் வராது. அதுவரை வாய்வழியே வந்த அப்பாவின் உருப்படிகளையும் தன்னுடையவற்றையும் சேர்த்து, 1900ல் ‘பல்லவி ஸ்வரகல்பவல்லி’ என்று அச்சிலும் கொண்டுவந்தார்.

கீர்த்தனை செய்தவரை ஊர் கொண்டாடும், ஆராதனை நடத்தும். வர்ணம் செய்தவர் பாடத்துக்குள் மறைந்துபோகிறார். வாய்ப்பாடு யார் எழுதியது என்று எந்தப் பிள்ளை கேட்கிறது? ஆனால் விடிந்தால் எத்தனையோ வீட்டில் அதுதான் ஒலிக்கிறது.

வரிசை நகர்ந்தது. அண்ணன் கிளாஸை வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். “பாப்பா, பாட்டு நோட்டுல அந்த சாமி நின்னேக்கு மேல என்ன எழுதிக்கீற?” ராகமும் தாளமும் மட்டும்தான் இருந்தது போல. “பக்கத்துல வீணை குப்பய்யர்னு எழுது. ஊர் திருவொற்றியூர்னும் போடு.”