அடிக்காமல் அமுக்கும் கணக்கு

27 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்றை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். பிஸ்டனை ஓங்கி அடித்து ஒரே அதிர்ச்சி அலையில் முடித்தால், பாடப்புத்தக நல்லியல்பு வாயுக் கணக்குப்படி வெப்பநிலை 1,460 டிகிரியைத் தாண்டும். இதமாக அமுக்கினால் 300 டிகிரிக்குள் நின்றுவிடும். அழுத்தமும் மூன்றில் ஒரு பங்கு போதும். அதோடு, இதே கணக்குப்படி, எவ்வளவு பலமாக அடித்தாலும் ஒற்றை அதிர்ச்சி அலையால் காற்றின் அடர்த்தியை ஆறு மடங்குக்கு மேல் ஏற்ற முடியாது. இதமான அமுக்கத்துக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது.

இதம் என்றால் மெதுவாக என்று அர்த்தமில்லை. சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளிப் பிஸ்டன் இருக்கிறது. அது அசைந்ததும் முதல் அலை நொடிக்குச் சுமார் 347 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. பிஸ்டன் 100 மீட்டர் வேகத்தை எட்டும்போது அனுப்பும் அலையோ 467 மீட்டரில் பாய்கிறது. பின்னது முன்னதை வழியிலேயே எட்டிப் பிடித்தால் அங்கே அதிர்ச்சி அலை பிறந்துவிடும். கணிதவியலாளர் ரீமான் 1860-இலேயே விளக்கிய விஷயம் இது. எல்லா அலைகளும் ஒரே கணத்தில், சுவரில் மட்டுமே கூடும்படி பிஸ்டனை முடுக்க வேண்டும். மொத்த அவகாசம் 3 மில்லிநொடிகூட இல்லை.

1972-இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் ஜான் நக்கோல்ஸ் குழுவினர், லேசர் சக்தியை இதே பாணியில் ஏற்றினால் திரவ ஹைட்ரஜனைப் பத்தாயிரம் மடங்கு நெருக்கலாம் என்றார்கள். அதற்கு ஆதாரம் கணினிக் கணக்கு.

அந்தக் கணக்கில்தான் எனக்குப் பெரிய ஈடுபாடு. அதிர்ச்சி அலை, கணினி வாயுவைப் பிரித்துவைக்கும் கட்டங்களைவிட மெலிந்தது. அதைச் சில கட்டங்களில் பரப்பிப் பிடிக்க கணிதவியலாளர்கள் வான் நாய்மனும் ரிக்ட்மையரும் 1950-இல் ஒரு செயற்கைப் பாகுத்தன்மையைச் சேர்த்தார்கள். அருமையான உத்தி. ஆனால் அதன் எளிய வடிவத்துக்கு அடியும் அமுக்கமும் ஒன்றுதான்; வாயு சுருங்கினாலே விழித்துக்கொண்டு, இயற்கையில் இல்லாத வெப்பத்தைச் சேர்த்துவிடும்.

இதைக் கையும் களவுமாகப் பிடிக்க இயற்பியலாளர் ரே கிடர் 1976-இல் தந்த தீர்வு உதவுகிறது. உள்ளே வெற்றிடமான ஒரு வாயு ஓடு, துல்லியமான சூத்திரப்படி, அதிர்ச்சி அலையே இல்லாமல் குவிகிறது. குவியும் நேரத்தில் 60 சதவீதம் கழிந்தும் ஆரம் 80 சதவீதம் இருக்கும். 99 சதவீதம் கழிந்தால் 14 சதவீதம்தான். ஆட்டமெல்லாம் கடைசி நொடியில்! அழுத்தத்தை, அடர்த்தியின் உரிய அடுக்கால் வகுத்தால் வரும் எண் தொடக்கம் முதல் முடிவுவரை அசையக் கூடாது. எந்தக் கட்டத்திலாவது அது ஏறினால், அந்த வெப்பம் வாயுவுடையது அல்ல, நம் நிரலுடையது.