கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் ஒரே அடித்தளமா?

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட சாலையின் இருபுறமும் வயல்கள் மனைகளாகவும், மனைகள் வீடுகளாகவும் மாறிவருவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஒரு மனையில் வீடு எழப்போகிறது என்பதற்கு முன்பெல்லாம் முதல் அறிகுறி, லாரியில் வந்து இறங்கும் கருங்கல். இப்போது பல மனைகளில் அந்த இடத்தைச் சாம்பல் நிற சிமென்ட் பிளாக்குகள் பிடித்துக்கொண்டுவிட்டன.

இம்மாற்றத்துக்குக் காரணம் எளிது. கருங்கல்லைத் தட்டி, முகம் பார்த்து, இடுக்குகளில் சில்லு வைத்துக் கட்டத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டனர். கல் கட்டுக்குக் கலவையும் அதிகம் பிடிக்கும். பிளாக் ஒரே அளவாக, 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமுமாக வருகிறது. கயிறு கட்டி அடுக்கினால் வரிசை பிசகுவதில்லை. வேலையும் விரைந்து முடிகிறது. அரிதாகிவிட்ட கைத்திறனின் இடத்தைச் சந்தையில் கிடைக்கும் பொருள் நிரப்புவது பொருளாதாரத்தில் பழைய கதைதான்.

பிளாக்கைக் குறை சொல்வது என் நோக்கமன்று. மண்ணுக்குள் வைப்பது சாலிட் பிளாக்காக இருந்து, அதற்குக் கீழே முறையான கான்கிரீட் படுகையும், தரைமட்டத்துக்கு மேலே கம்பி கட்டிய பெல்ட் கான்கிரீட்டும் இருந்தால், உறுதியான மண்ணில் அது நன்றாகவே நிற்கும். கான்கிரீட் பிளாக்குகளுக்கான ஐ.எஸ். 2185 தர விதி, அச்சிலிருந்து எடுத்த பிளாக்கைப் போதிய நாள் நீராற்றி, பிறகு உலரவிட்டே பயன்படுத்த வேண்டும் என்கிறது. ஈரம் காயாத பிளாக் சுவரில் ஏறிய பின் சுருங்கி விரிசல் விடும். பட்டறையிலிருந்து சில நாள்களிலேயே மனைக்கு வந்துவிடும் பிளாக்குகளைப் பற்றி அதிகம் பேசாமல் விடுகிறேன். சிக்கலின் வேர் மண்ணில் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிய பகுதி பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும் கலந்தது. கிழக்கே சாத்தூர், விருதுநகர் திசையில் நகர நகரக் கரிசல் தொடங்கிவிடுகிறது. கி. ராஜநாராயணனால் தமிழிலக்கியத்தில் நிலைபெற்ற அதே கரிசல்தான்; பருத்திக்கும் கம்புக்கும் தாயான அம்மண், வீட்டுக்கு மாற்றாந்தாயாக நடந்துகொள்கிறது. அதிலுள்ள ஒருவகைக் களிமண் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டைச் சுற்றியுள்ள மண் உப்பி மேலெழுகிறது. வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் அவ்வளவு எளிதில் எட்டுவதில்லை. ஆகவே ஓரம் ஒரு மட்டத்திலும் நடு வேறொரு மட்டத்திலும் நிற்கின்றன. பங்குனி, சித்திரையில் இது தலைகீழாகிறது. பிளாக் கட்டு அழுத்தத்தைத் தாங்கும்; வளைவையும் இழுப்பையும் தாங்காது. சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போல் கலவைப் பொருத்துகளின் வழியே விரிசல் ஓடுகிறது. கதவு நிலையில் சிக்குகிறது.

பலரும் எதிர்பாராத உண்மை ஒன்று உண்டு. இந்த உப்பலால் அதிகம் பாதிக்கப்படுவது பெரிய கட்டடமன்று, சிறிய வீடே. உயரமான கட்டடம் தன் எடையால் மண்ணை அழுத்தி வைத்துக்கொள்ளும். ஓர் அறையும் ஒரு கூடமும் கொண்ட ஒற்றைத்தள வீட்டுக்கு அந்த எடை கிடையாது. மண்ணின் உந்துவிசை அதை எளிதாகத் தூக்கிவிடும். ஆக, கரிசல் வஞ்சிப்பது பெரும்பாலும் ஏழையின் வீட்டைத்தான்.

எங்கள் பக்கத்தில் அடித்தளக் குழி எடுப்பதை ‘வானம் தோண்டுதல்’ என்பார்கள். கெட்டி மண் தட்டும் வரை தோண்ட வேண்டும் என்பது கொத்தனார்களின் அனுபவ விதி. செம்மண் நிலத்தில் இது சரியான விதி. கரிசலிலோ கோடையில் மேல்மண்ணே கடப்பாரைக்கு மசியாமல் பாறைபோல் இருக்கும். அந்தக் கெட்டித்தன்மையை நம்பி மூன்றடியில் நிறுத்திய வானம், அடுத்த மழையில் சேறாகிவிடும். மலையடிவாரத்தில் இருபது வீடு கட்டிப் பெயர் வாங்கிய அதே மேஸ்திரி, அதே ஆழத்தையும் அதே சதுர அடி விலையையும் கரிசலுக்குக் கொண்டுபோகிறார். அவரிடம் வஞ்சகம் இல்லை. சதுர அடிக் கணக்கில் பேசிய ஒப்பந்தத்தில் ஆழத்துக்குத் தனி விலை இல்லை, அவ்வளவுதான்.

வாங்குபவரால் தரத்தைப் பார்த்தறிய முடியாத சந்தையில் நல்ல சரக்கு மெல்ல விலகி, மட்டமானது நிலைத்துவிடும் என்று 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கினார் ஜார்ஜ் அக்கர்லாஃப். அதற்காகவே 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். வகுப்பில் இதைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அடித்தளத்தைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. மண்ணைப் போட்டு மூடிய பிறகு பழைய காரையாவது ஓட்டிப் பார்க்கலாம். வானத்தைத் திறந்து பார்க்க வழியில்லை. டைல்ஸும் முகப்பும் கண்ணில் படுகின்றன. பணம் அங்கே போகிறது.

அரசின் கணக்கும் இதிலிருந்து விலகி நிற்கவில்லை. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் சமவெளிக்கு 1.20 லட்சம் ரூபாயும், மலைப்பகுதி, கடினப் பகுதிகளுக்கு 1.30 லட்சம் ரூபாயும் என அலகுத் தொகையை வகுத்தது. நிலத்துக்கேற்பச் செலவு மாறும் என்ற கொள்கையை அத்திட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள். தமிழக அரசு கான்கிரீட் கூரைக்கெனத் தனித்தொகை சேர்த்து வழங்கியது; பாராட்ட வேண்டியதே. 2024-இல் அறிவிக்கப்பட்ட ‘கலைஞரின் கனவு இல்லம்’ 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என நிர்ணயித்து, 2030-க்குள் 8 லட்சம் வீடுகளை இலக்காக வைத்தது. அந்த 3.50 லட்சம் செம்மண்ணுக்கும் அதே, கரிசலுக்கும் அதே. தலைக்கு மேலுள்ளதற்குத் தனிக் கவனம் கிடைத்தது. காலுக்குக் கீழுள்ளதற்குக் கிடைக்கவில்லை. மீதிச் செலவைப் பயனாளி கடன் வாங்கி ஏற்க வேண்டும், அல்லது ஆழத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தொழில்நுட்பம் இல்லாமலா என்றால், அதுவும் இல்லை. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே அடிப்பகுதி குமிழாக விரிந்த கான்கிரீட் தூண் முறையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாக்கியது. கைத் துளைப்பான் கொண்டு சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு, அதாவது பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத அடுக்கு வரை இறங்கி, அங்கே துளையை அகலப்படுத்திக் கம்பியும் கான்கிரீட்டும் இடுகிறார்கள். தூண்களின் தலையில் ஓடும் பெல்ட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விடப்படுகிறது. மண் உப்பினாலும் வீட்டைத் தொடாது. இதற்கு வசதியில்லாதோர், வானத்தின் அடியிலுள்ள கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, உப்பாத சரளை மண்ணை அடுக்கடுக்காக நனைத்து இடித்து நிரப்பி, அதன்மேல் பிளாக் வைக்கலாம். வீட்டைச் சுற்றி மூன்று, நான்கு அடி அகலத்துக்குச் சரிவான தளம் போட்டு மழைநீரை வெளியே தள்ளுவதும், குளியலறைக் கழிவுநீரைச் சுவரோரம் விடாமலிருப்பதும் ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கும் உதவும்.

எந்த மண் என்று அறிவதற்குப் பெரிய ஆய்வகமும் வேண்டியதில்லை. உலர்த்திப் பொடித்து நுண்சல்லடையில் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குழாய்களில் இட்டு, ஒன்றில் 100 மில்லி லிட்டர் அளவுக்குத் தண்ணீரும் மற்றொன்றில் அதே அளவு மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கி, 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது; தண்ணீரில் எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதை ஒப்பிட்டு விழுக்காடாகக் கணக்கிடலாம். ஐம்பதைத் தாண்டினால் இலேசான கட்டடங்களுக்கு ஆபத்து மிகுதி. ஐ.எஸ். 2720-இன் 40-ஆம் பகுதி கூறும் இச்சோதனையை மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்திலேயே செய்து பார்த்துவிடலாம்.

ஊரக வீட்டுத் திட்டத்தில் கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் இடக்குறியீட்டுடன் படமெடுத்துப் பதிவேற்றும் நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பதிவில் மண்ணின் உப்பல் அளவுக்கும் வானத்தின் ஆழத்துக்கும் இரண்டு கட்டங்களைச் சேர்த்து, உப்பல் மிகுந்த மனைகளுக்குக் கூரைத் தொகையைப் போலவே அடித்தளத் தொகை ஒன்றையும் மாநில அரசு அளிக்கலாம். மலைப்பகுதிக்குக் கூடுதல் தொகை தருவதற்கு என்ன நியாயமோ, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசலுக்கும் அதே நியாயம்.