வானொலி நிலையமே உரைகல்

மும்பையின் மான்குர்த் மண்டாலாப் பகுதியிலுள்ள பழைய சாமான் கிடங்குகளில் ஒரு சிக்னல் ஜெனரேட்டர் கண்ணில் பட்டால், அதை எடைக்குப் போக விடாதீர்கள். வால்வு ரேடியோ பழுதுபார்ப்பவருக்கு அது பெரும் துணை. முள்ளை வைத்த இடத்து அதிர்வெண்ணில், பெரும்பாலும் 400 ஹெர்ட்ஸ் ஓசையை ஏற்றி அனுப்பும் குட்டி நிலையம் அது. ரேடியோவின் ஐ.எஃப். (இடை அதிர்வெண்) சுருள்களை 455 கிலோஹெர்ட்ஸுக்குச் சரிசெய்ய அதுதான் வேண்டும். ஆனால் வயதான கருவியில் முள் 455 காட்டும்போது 470 வந்துகொண்டிருக்கலாம்.

முதலில் மின்சாரம். 110 வோல்ட் கருவியா என்று பாருங்கள். மெயின்ஸுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள பழைய பேப்பர் கண்டன்சர் கசிந்தால் பெட்டியே ஷாக் அடிக்கும். அதை மாற்றி, எர்த்துடன் மூன்று கம்பி ஒயர் போடுங்கள். 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் கோத்துச் சுவிட்சைப் போடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட். அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் 250 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். ரெசிஸ்டர் வழியாக வடியவிட்ட பின்பே கைவையுங்கள்.

எல்லாம் சரியென்றால், கருவி அரைமணி நேரம் சூடாகட்டும். இனி ஆகாசவாணி மும்பையே உரைகல். மத்திய அலை நிலையங்களின் அதிர்வெண்ணைப் படிகம் கட்டிக்காக்கிறது, அதனால் நம்பலாம். ரேடியோவை அந்த நிலையத்தின் 1044 கிலோஹெர்ட்ஸில் வைத்து, ஜெனரேட்டரின் ஒயரை அதன் பக்கத்தில் கிடத்துங்கள். நீண்ட ஏரியல் வேண்டாம். போட்டால் அடுத்த வீட்டு ரேடியோவும் கத்தும். 400 ஹெர்ட்ஸ் ஓசையை நிறுத்திவிட்டு ஜெனரேட்டரின் முள்ளை மெல்லத் திருப்புங்கள். நிலையத்தை நெருங்கும்போது ஒரு விசில் எழும். இரண்டு அலைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது: ஒரு கிலோஹெர்ட்ஸ் விலகியிருந்தால் 1000 ஹெர்ட்ஸ் ஓசை. இன்னும் நெருங்க, அது தணிந்து தணிந்து மறையும். மறைந்த இடம்தான் உண்மையான 1044. முள் காட்டும் எண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே பிழை.

எனக்கு இதில் மிகப் பிடித்தது அடுத்த படி. இந்தக் கருவிகளின் அலை அவ்வளவு சுத்தமானதல்ல. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களும் கூடவே வரும். அந்தக் குறையே நமக்கு உதவி. 522-இன் இரு மடங்கும் 348-இன் மும்மடங்கும் 1044 அல்லவா? ரேடியோவைத் தொடாமலே அந்த இரண்டு இடங்களிலும் விசிலைத் தேடலாம். இரண்டும் ஒரே பேண்டில் அமைந்தால், அங்குள்ள பிழைகளை வைத்து இடையிலுள்ள 455-இன் பிழையையும் கணிக்கலாம். திருத்தத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியிலேயே ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, 400 ஹெர்ட்ஸ் ஓசையை மறுபடி ஏற்றி, அலையின் அளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டரைக் கடைசிவரை குறையுங்கள். அப்போதும் ரேடியோவில் ஓசை உரக்கக் கேட்டால், அலை பெட்டியின் இடுக்குகள் வழியாகவோ மெயின்ஸ் ஒயர் வழியாகவோ கசிகிறது. மூடியின் திருகுகளை இறுக்கிப் பாருங்கள்.